துரையின் முதுகில் ஒரு பொட்டு

தியாகராய நகரில் மேட்சிங் சென்டர் வைத்திருக்கும் வைரவன் அண்ணாச்சிக்குச் சிவப்பில் மட்டும் நானூறு வகை தெரியும். கண்ணைக் கட்டிவிட்டு ரவிக்கைத் துணியை மூக்குக்கு நேரே நீட்டினால் போதும். இது தக்காளி, இது மிளகாய்ப்பழம், இது அரக்கு, இது ஒரு தடவை துவைத்த அரக்கு என்று பிரித்துச் சொல்லிவிடுவார். சரி, கண்ணைக் கட்டியது என் கைச்சரக்கு. நானூறும் கொஞ்சம் தாராளம்தான். ஆனால் எண்பதுக்குக் குறையாது; அதற்குக் கீழே நான் இறங்கமாட்டேன்.

கடை பெரிய கடை இல்லை. உஸ்மான் ரோட்டுப் பட்டுக்கடைகளின் பின்புறம் ஓடுகிற சந்தில், நான்கு பேர் உள்ளே நின்றால் ஐந்தாவது ஆள் வெளியிலிருந்து எட்டிப் பார்க்க வேண்டிய அளவு. சுவர் முழுக்க ரவிக்கைத் துணி, லைனிங், ஃபால்ஸ். புடவையோடு வருகிற பெண்களைக் கடைக்குள் வைத்து அவர் முடிவெடுக்க விடமாட்டார். “டியூப்லைட்டு பொய் சொல்லும்மா. வெயிலுக்கு வாங்க” என்று தெருவுக்கு இறக்கி, புடவை முந்தானையையும் துணியையும் தன் முன்கையில் அடுத்தடுத்துப் போட்டுக் காட்டுவார். அப்போதும் ஒரு கண்தான் துணியில் இருக்கும். இன்னொரு கண், அந்தப் பெண்ணோடு வந்தவர் கடைக்குள் எதை எடுக்கிறார், எதை வைக்கிறார் என்று பார்த்துக்கொண்டிருக்கும்.

அந்த இரண்டாவது கண்ணால் வந்த வினையைத்தான் சொல்ல வந்தது.

தென்காசிப் பக்கத்திலிருந்து மீசை முளைக்கும் முன்பே சென்னைக்கு வந்தவர் வைரவன். மாமன் கடையில் துணி சுற்றிச் சுற்றித் தொழில் பழகினார். சொந்தக் கடை போட்ட புதிதில், சாயம் ஏற்றக் கொடுத்த நல்ல பருத்தித் துணியைச் சாயக்காரன் தான் வைத்துக்கொண்டு, மட்டத் துணியில் அதே நிறத்தை ஏற்றித் திருப்பிக் கொடுத்துவிட்டான். நிறம் அச்சு அசல். துணிதான் வேறு. அன்றிலிருந்து அவர் கையைவிட்டு எது வெளியே போனாலும் ஓர் அடையாளத்தோடுதான் போகும். சாயத்துக்குப் போகிற துணியின் ஓரத்தில் வெள்ளை நூலில் ஒரு தையல், குடைக் கம்பியில் ஒரு கீறல், டிபன் கேரியரின் அடியில் ஒரு சொட்டு பெயின்ட். கபாலி கோயிலுக்குப் போனால் இடது செருப்பைக் கோபுரத்தடியில் விடுவார். வலது செருப்பைப் பூக்கடை ஓரத்தில் விடுவார். “ஒத்தச் செருப்ப எவன் திருடுவான்?” என்பது அவர் கட்சி. ஒரு காலில் செருப்போடு நொண்டிக்கொண்டு வருகிற புருஷனோடு அவர் மனைவி பங்கஜம் சேர்ந்து நடக்கமாட்டாள். யாரோ மாதிரி தள்ளித்தான் வருவாள்.

உலகத்தில் அவர் சந்தேகப்படாத ஜீவன் ஒன்றே ஒன்று இருந்தது. அது துரை.

துரை ஓர் ஆமை. கண்ணுக்குப் பின்னால் இரண்டு பக்கமும் சிவப்புக் கோடு போட்ட, மீன்தொட்டிக் கடைகளில் விற்கிற தண்ணீர் ஆமை. மகள் சிந்து கல்லூரியில் படிக்கும்போது உள்ளங்கைக்குள் அடங்குகிற குஞ்சாக வாங்கி வந்தாள். அவள் கல்யாணமாகிப் புனேவுக்குப் போனாள். துரை இங்கேயே தங்கி, டிபன் தட்டு அளவுக்கு வளர்ந்துவிட்டது. மயிலாப்பூர் வீட்டின் முதல் மாடியில், குளியலறைக்குள் ஒரு பிளாஸ்டிக் டப்புதான் அதன் ராஜ்ஜியம். வெயிலும் கிடையாது, ஏறி உட்காரக் கல்லும் கிடையாது. தினமும் கொஞ்சம் சோறு, என்றைக்காவது ஒரு துண்டு இறால். வைரவனுக்குத் தெரிந்த வளர்ப்பு அவ்வளவுதான். ஆனால் பாசத்தில் குறை வைக்கவில்லை. காலையில் கடைக்குக் கிளம்பும் முன் மோதிரத்தால் டப்பின் விளிம்பில் இரண்டு தட்டு தட்டுவார். துரை கழுத்தை நீட்டிக்கொண்டு வந்து நிற்கும். மச்சினன் எப்படி ஏமாற்றப் பார்த்தான், லைனிங் கம்பெனிக்காரன் எப்படி அளவில் விளையாடினான் என்று எல்லாவற்றையும் அதனிடம்தான் சொல்லுவார். துரை யாரிடமும் போய்ச் சொல்லாது.

இந்தச் சித்திரையில் ஊரில் கோயில் கொடைத் திருவிழா வந்தது. புருஷனும் பெண்டாட்டியும் கட்டாயம் போக வேண்டும். கடையை மச்சினன் பார்த்துக்கொள்வான், மச்சினனைக் கேமரா பார்த்துக்கொள்ளும், கேமராவை ஊரிலிருந்து போனில் வைரவன் பார்த்துக்கொள்வார். துரையை யார் பார்த்துக்கொள்வது?

“கீழ வீட்டு மாமிகிட்ட விடுங்க” என்றாள் பங்கஜம்.

கீழ்வீட்டில் இருப்பது ஜெயலக்ஷ்மி மாமி. பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுப்பவள். வைரவன் கடையில்தான் எல்லா ரவிக்கையும் எடுப்பாள். எடுக்கும்போது வெயிலில் பார்த்ததைத் திரும்ப நிழலிலும் பார்ப்பாள். அந்தக் குணம் வைரவனுக்குப் பிடிக்கும். கூடவே கொஞ்சம் பயமும் உண்டு.

“ஆத்துக்குள்ளே ஆமையை விடமாட்டேன், பங்கஜம். கொல்லையில துணி தோய்க்கற தொட்டி சும்மாதான் கெடக்கு. அதுல வேணா இருக்கட்டும்” என்றாள் மாமி.

ஊருக்குக் கிளம்புகிற அன்று விடியற்காலை, பங்கஜம் பெட்டி கட்டிக்கொண்டிருந்தபோது வைரவன் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டார். புது மாதிரி விளக்குகளில் நம்பிக்கை இல்லாமல் அவர் மாற்றாமலே வைத்திருந்த குண்டு பல்பு மஞ்சளாக எரிந்தது. அலமாரியில் சிந்து விட்டுப்போன நகப்பூச்சு பாட்டில் ஒன்று கிடந்தது. திறந்தார். ராணி கலர், பளீர் ரோஜா. துரையைத் துடைத்து, வாலுக்கு மேலே ஓட்டின் கடைசித் தகட்டில், மிளகு அளவுக்கு ஒரு பொட்டு வைத்தார். காயும்வரை ஊதினார்.

“தப்பா நினைக்காத, தொர. ஒன்னைய நம்பாம இல்ல. மத்தவங்கள நம்ப முடியாதுல்லா” என்றார்.

இதைப் பங்கஜத்திடம் அவர் சொல்லவில்லை. சொன்னால் என்ன கிடைக்கும் என்று அவருக்குத் தெரியும்.

கொடைக்குப் போனவர் கொடை முடிந்து திரும்பவில்லை. பங்காளிகளோடு வேலித் தகராறு. பஞ்சாயத்து, சர்வேயர், மறுபடி பஞ்சாயத்து என்று இழுத்து, ஆடி பிறக்கும்போதுதான் இருவரும் வந்து சேர்ந்தார்கள். வந்த அன்றே மாமி துரையைப் பழைய துண்டில் பொதிந்து மாடிக்குக் கொண்டுவந்தாள். கூடவே ஒரு செங்கல், ஒரு நீண்ட விளக்கு.

வைரவன் துண்டை விலக்கினார்.

அவர் விட்டுப்போன துரையின் ஓடு, பாசி பிடித்த கிணற்றுக் கல் மாதிரி கறுத்து மங்கி இருக்கும். இதுவோ எண்ணெய் தேய்த்துத் துடைத்த மாதிரி பளபளத்தது. ஓட்டில் மஞ்சளும் பச்சையுமாக வரிகள். கண்ணுக்குப் பின்னால் இருந்த சிவப்புக் கோடு, கட்டு பிரிக்காத புதுத் துணி போல எரிந்தது.

“என்ன மாமி, இப்படிப் பளபளங்குது?”

“வெயில் பட்டது. அதான்” என்றாள் மாமி. சொல்லும்போது அவள் கண் அவரைப் பார்க்கவில்லை, செங்கல்லைப் பார்த்தது.

மாமி படி இறங்கியதும் வைரவன் ஆமையைத் திருப்பி வாலுக்கு மேலே பார்த்தார். பொட்டு இல்லை. துடைத்துப் பார்த்தார். கண்ணாடி போட்டுப் பார்த்தார். பால்கனி வெயிலுக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார். சுரண்டிய தடம்கூட இல்லை. தகடு புத்தம் புதிதாக இருந்தது.

சாயக்காரன் ஞாபகம் வந்தது. நிறம் அச்சு அசல், துணி வேறு.

“பங்கஜம்” என்றார் அடித்தொண்டையில். “இது வேற லாட்டு, வேற சரக்கு.”

“எது?”

“இது. இது தொர இல்ல. தொர செத்துப்போச்சு. மாமி புதுசு வாங்கி வச்சிருக்கா.”

“ஊர்லதான் வேலியத் தூக்கிட்டுத் திரிஞ்சீங்க. இங்கயும் ஆரம்பிச்சாச்சா? நல்லாக் கவனிச்சிருக்கா, அதான் நெறம் வந்திருக்கு.”

பொட்டு விஷயத்தைச் சொன்னால் பங்கஜத்தின் வாயை அடைத்துவிடலாம். ஆனால் பொட்டு வைத்ததையும் சொல்ல வேண்டி வருமே! கீழ்வீட்டு மாமியை நம்பி ஒப்படைத்த ஜீவன் மேல் திருட்டுத்தனமாக அடையாளம் வைத்தேன் என்று எந்த வாயால் சொல்வது? விழுங்கிக்கொண்டார். விழுங்கியது உள்ளே போய்ப் பெரிதாகிக்கொண்டே வந்தது.

செங்கல்லையும் விளக்கையும் அன்றைக்கே திருப்பி அனுப்பிவிட்டார். “உங்க சாமான் உங்க வீட்டுலயே இருக்கட்டும் மாமி.” மாமி எதுவும் கேட்காமல் வாங்கிக்கொண்டாள். அவள் கேட்காததும் அவருக்குச் சந்தேகமாக இருந்தது.

மறுநாள் மோதிரத்தால் டப்பைத் தட்டினார். ஆமை வரவில்லை. இறால் போட்டார், தொடவில்லை. பின்னங்காலால் டப்பின் சுவரைப் பிராண்டிக்கொண்டே இருந்தது. பிளாஸ்டிக்கில் நகம் உரசும் சத்தம் வீடு முழுக்கக் கேட்டது. சாயங்காலம் கீழே மாமி பிள்ளைகளுக்கு ஸரளி வரிசை தொடங்கினால், அந்தப் பக்கமாகவே திரும்பி நின்று பிராண்டும்.

“பாத்தியா, பாட்டுக் கேட்டதும் திரும்புது. மாமி வீட்டுல வளந்த ஆமைதான்.”

“அந்தப் பக்கம்தான் தண்ணி போற ஓட்டை இருக்கு. பெறகு எந்தப் பக்கம் திரும்பும்?” என்றாள் பங்கஜம். ஆனால் அவள் முகத்திலும் கவலை வந்திருந்தது. சாப்பிடாத ஜீவனைப் பார்த்து எவ்வளவு நேரம் கேலி பேச முடியும்?

மூன்றாவது துப்பு வாட்ச்மேனிடமிருந்து கிடைத்தது. அண்ணாச்சி ஊரில் இருந்தபோது மாமி பட்டினப்பாக்கம் மீன்கடையில் நின்றுகொண்டிருந்ததாகவும், முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு எதையோ பொட்டலமாக வாங்கியதாகவும் அவன் சொன்னான். வைரவன் அதைத் திரும்ப ஒரு தடவை சொல்லவைத்துக் கேட்டார். வெங்காயம் நறுக்கினாலே இரண்டு தடவை கை கழுவுகிற மாமி, மீன்கடையில்! ஆமையை ஏதோ செய்து தொலைத்துவிட்டு, அதை மறைக்க மீன்காரியோடு என்னமோ பேரம் நடந்திருக்கிறது. என்ன பேரம் என்பது மட்டும் எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை.

ராயப்பேட்டையில் மீன்தொட்டிக் கடை வைத்திருக்கும் பீர் முஹம்மதுவிடம் போனார். சிந்து துரையை வாங்கியது அந்தக் கடையில்தான்.

“பீரு, மயிலாப்பூர் மாமி ஒருத்தி, ஒல்லியா, மூக்குத்தி போட்டு... ஒன்ட்ட வந்தாளா?”

“பாட்டு மாமியா? வந்தாங்களே. ரெண்டு தபா வந்தாங்கோ.”

“ஆமை வாங்குனாளா?”

பீர் முஹம்மது தொட்டியில் வலை போட்டுக்கொண்டே சிரித்தார். “கஸ்டமர் இன்னா வாங்கினாங்கோன்னு அடுத்த கஸ்டமராண்ட சொல்லலாமா அண்ணாச்சி? உன் கடையில எந்த வூட்டு அம்மா இன்னா ஜாக்கெட் எடுத்தாங்கோன்னு நீ என்னாண்ட சொல்லுவியா?”

“பீரு, வெளையாடாத.”

“ஆமைக்கு இன்னா இன்னா வோணுமோ கேட்டாங்கோ, குடுத்தேன். போதுமா?”

போதும் என்பது வைரவனுக்குப் போதவில்லை. ஆனாலும் ரெண்டு தபா என்பது மனசில் ஆணி மாதிரி இறங்கிவிட்டது. ஒரு தடவை விசாரிக்க வந்திருக்கிறாள். மறு தடவை எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள்.

வீட்டுக்கு வந்தால் ஆமை டப்பின் மூலையில் சோர்ந்து கிடந்தது. பிராண்டல்கூட நின்றுபோயிருந்தது. பங்கஜம் குளியலறை வாசலில் குந்தியிருந்தாள்.

“தொரையோ வெள்ளக்காரத் தொரையோ, எதுவா இருந்தா என்னங்க? உசுருல்லா அது. அந்தப் பீரு பாய்கிட்டயே தூக்கிட்டுப் போய்க் காட்டுங்க.”

திரும்பவும் போனார், இந்தத் தடவை மஞ்சப்பையில் ஆமையோடு. பீர் முஹம்மது அதைக் கையில் வாங்கினார். பின்னங்காலுக்கு முன்னால் இருக்கிற மெத்தென்ற பள்ளத்தில் விரலை வைத்து மெதுவாக அழுத்தினார். சிரிப்பு நின்றது.

“அண்ணாச்சி, இது வயித்துல முட்டை கீது. நெறைய கீது. மண்ணு குடுக்கலியா நீ?”

“முட்டையா? ஆம்பளைக்கு ஏதுவே முட்டை?”

“ஆம்பளைன்னு யாரு உனக்குச் சொன்னது? ஆம்பளைக்கு முன்னங்கால் நகம் நீட்டா வரும். வாலு தடியா வரும். இதுக்குப் பாரு, நகம் கட்டையா கீது. சோடி இல்லாட்டியும் பொட்டை ஆமை முட்டை வுடும். மண்ணு கெடைக்காம தண்ணியிலயே வச்சிருந்தா அடக்கிக்கினே இருக்கும். அடக்கி அடக்கி உள்ளயே மாட்டிக்கும், அப்பால ஆளு காலி. இன்னிக்கே ஈர மணல்ல வுடு. நாளைக்குக் காலை வரைக்கும் ஒண்ணும் வரலேன்னா டாக்டராண்ட தூக்கினு ஓடு. வெளையாட்டு இல்ல.”

வைரவனுக்கு முதலில் வந்தது ஒரு வெற்றிச் சந்தோஷம். பெண் ஆமை! துரை ஆண். இனி மாமி என்ன சொல்லித் தப்புவாள்? அந்தச் சந்தோஷம் ஆட்டோ ஏறும்வரைதான் நின்றது. மெட்ரோவுக்காகத் தோண்டிப்போட்டிருந்த லஸ் பக்கத்தில் ஆட்டோ நகரவே இல்லை. மடியில் பை கனத்தது. உள்ளே அது ஒரு தடவை காலை உதைத்தது, அப்புறம் அசையவில்லை. இது மாமியுடைய ஆமை என்றால், இது செத்தால் மாமி பாடு. இது துரை என்றால்? துரையைப் பிறந்ததிலிருந்து ஆண் என்று சொன்னது யார்? சிந்து பெயர் வைத்தாள், அவ்வளவுதான். அதற்கு மேல் யாரும் பார்த்ததில்லை. பொட்டு என்ன ஆயிற்று என்று அவருக்கு இன்னும் தெரியவில்லை. செங்கல்லையும் விளக்கையும் திருப்பி அனுப்பியது மட்டும் நன்றாகத் தெரிந்தது.

“பொறுத்துக்க. வந்துட்டோம். பொறுத்துக்க” என்று பையைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே வந்தார். யாருடைய ஆமையிடம் சொல்கிறோம் என்று நினைக்க மறந்துபோனார்.

மாடி ஏறவில்லை. நேராகக் கீழ்வீட்டுக் கொல்லைக்கு நடந்தார். பங்கஜம் பால்கனியிலிருந்து பார்த்துவிட்டு ஓடி வந்தாள். மாமி காய்ந்த துணிகளை எடுத்துக்கொண்டிருந்தாள்.

“மாமி, உங்க ஆமை. பொட்டச்சி. வயித்துல முட்டை. மண்ணு வேணுமாம்” என்று பையை நீட்டினார்.

‘உங்க ஆமை’ என்பதை மாமி கேட்டாள். முகம் சுருங்கியது. பையை வாங்கி, தொட்டிக்குப் பக்கத்தில் கொட்டி வைத்திருந்த மணல் குவியலில் ஆமையை இறக்கினாள். ஒரு சொம்புத் தண்ணீரைச் சுற்றிலும் தெளித்தாள். “இங்கதான் அடிக்கடி வந்து மோந்து பாத்துண்டு போகும். இப்பத்தான் காரணம் தெரியறது. எல்லாரும் பின்னால வாங்கோ. ஆள் நடமாட்டம் தெரிஞ்சா எழுந்து போயிடும். சத்தம் போடப்படாது.”

மூன்று பேரும் கொடியில் தொங்கிய புடவைக்குப் பின்னால் குந்திக்கொண்டார்கள். இப்படி ஒரு சண்டை மயிலாப்பூரில் அதற்கு முன் நடந்திருக்காது. முழுச் சண்டையும் கிசுகிசுப்பிலேயே நடந்தது.

“என் தொர எங்க மாமி?”

“அதோ, எதிர்ல இருக்கே. அதுதான்.”

“நான் நெறம் பாத்து வயிறு வளக்குறவன் மாமி. இது வேற லாட்டு. செத்துப்போச்சுன்னா சொல்லிருங்க. பொறுத்துக்கிடுவேன். புதுசு வாங்கி வச்சு ஏமாத்தாதீங்க.”

“புதுசா?” மாமி அவர் பக்கம் திரும்பினாள். “அண்ணாச்சி, ஓட்டுக்குச் சுண்ணாம்புச் சத்து வேணும், கணவாய் மீன் ஓடு போடணும்னு அந்த பாய் சொன்னார். எங்காத்துல ஒருத்தரும் எட்டிப் பாக்காத மீன்கடையில போய் நின்னேன், இதுக்காக. மழை நாள்ல வெயில் இல்லேன்னு விளக்கு வாங்கிண்டு வந்தேன். கீரை நறுக்கிப் போட்டேன். நீங்க என்னடான்னா...”

“பெறகு ஏன் செங்கல்லப் பாத்துக்கிட்டே பேசுனீங்க?”

மாமி கண்ணை மறுபடி மணல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

“ரெண்டு பேரும் வாயை மூடுங்க. தோண்டுது” என்றாள் பங்கஜம்.

ஆமை பின்னங்கால்களால் மணலை வாரி வாரித் தள்ளியது. ஒரு கால், மறு கால், ஒரு கால், மறு கால். நடுவே வெகுநேரம் அசையாமல் கிடந்தது. வைரவன் தன்னையறியாமல் மோதிரத்தைத் திருகிக்கொண்டிருந்தார். முடிந்துவிட்டது, கொன்றுவிட்டேன் என்று அவர் நினைத்த நேரத்தில் முதல் முட்டை விழுந்தது. வெள்ளையாக, நீளவாக்கில், மல்லிகை மொட்டைப் பெரிதாக்கினது மாதிரி. அப்புறம் இன்னொன்று. அப்புறம் வந்துகொண்டே இருந்தது.

பங்கஜம் மூச்சை விட்டாள். மாமி சத்தமில்லாமல் எழுந்து உள்ளே போய், ஒரு பழைய பெருங்காய டப்பாவோடு திரும்பினாள்.

“செங்கல்லை ஏன் பாத்தேன்னு கேட்டேளே. இதுக்குத்தான்” என்று மூடியைத் திறந்தாள். உள்ளே கண்ணாடிக் காகிதம் மாதிரி மெலிசான தகடுகள். “நல்ல வெயில் கிடைச்சதும் ஓட்டுலேர்ந்து ஒண்ணொண்ணா உரிஞ்சு விழுந்தது. வளர்ற ஆமைக்கு அப்படித்தான் உரியும், பயப்படாதீங்கோன்னு பாய் சொன்னார். ஆனா ஒண்ணுல மட்டும் என்னமோ செவசெவன்னு இருந்தது. புண்ணு போலிருக்கு, நான்தான் ஏதோ பண்ணிட்டேன்னு பயந்துட்டேன். அதை அவர்கிட்டயும் காட்டலை. உங்ககிட்ட சொன்னா என்ன சொல்லுவேளோன்னு... உங்க சுபாவம் எனக்குத் தெரியாதா? ஒரு ரவிக்கைத் துணியைப் பிரிச்சுப் பாத்தாலே மடிப்பை எண்ணறவர்.”

அந்தத் தகட்டை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள். நடுவில், மிளகு அளவுக்கு ஒரு பொட்டு.

வைரவன் அதைக் கண்ணருகில் கொண்டுபோனார். குனிந்து பார்த்தார். பார்க்கப் பார்க்க முகம் மாறியது.

“இது நான் வச்ச பொட்டு இல்ல.”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று தெரிந்தது. புடவைக்குப் பின்னால் இரண்டு பெண்களும் அவரையே பார்த்தார்கள்.

“நீங்க வச்ச பொட்டா?” என்றாள் பங்கஜம். “என்ன பொட்டு?”

“அது... ஊருக்குப் போறப்ப... ஒரு அடையாளத்துக்கு...”

“அடையாளம் வச்சுட்டா என்கிட்ட குடுத்தேள்?” என்றாள் மாமி. கிசுகிசுப்பு இல்லை இப்போது, சாதாரணக் குரல். அது கிசுகிசுப்பைவிட மோசமாக இருந்தது.

இனி மறைக்க ஒன்றும் இல்லை. வைரவன் எழுந்து கொல்லையின் வெயில் விழுகிற மூலைக்குப் போனார். தகட்டை முன்கையில் போட்டார். கடையில் பார்ப்பது போலவே பார்த்தார், கண்ணைச் சுருக்கி, விரித்து, கையைச் சாய்த்து.

“வாடாமல்லி” என்றார். “சந்தேகமே இல்ல. நான் வச்சது ராணி கலர். இது ஊதா அடிக்குத வாடாமல்லி.” திரும்பி மாமியைப் பார்த்தார். இவள் பொட்டைக்கூடப் போலியாக வைத்திருப்பாளோ என்று ஒரு கணம் ஓடியது. அந்த எண்ணம் வந்ததும் அவருக்கே தன்மேல் பயம் வந்தது.

“எந்தப் பாட்டில்?” என்றாள் பங்கஜம்.

“குளியலறை அலமாரியில சிந்து விட்டுட்டுப் போனது.”

பங்கஜம் மாடிக்குப் போனாள். பாட்டிலோடு வந்தாள். புருஷனின் கையைப் பிடித்து வெயிலில் இழுத்து, தகட்டுக்குப் பக்கத்திலேயே முன்கையில் ஒரு பொட்டு வைத்தாள். ஊதக்கூட இல்லை.

இரண்டு பொட்டும் ஒன்று. எந்தச் சாயக்காரனாலும் பிரிக்க முடியாத ஒரே வாடாமல்லி.

வைரவன் கையை இறக்கினார். மணலில் துரை முட்டைகளை மூடிக்கொண்டிருந்தது, பின்னங்காலால் தட்டித் தட்டி. அவர் மெல்ல நடந்து போய்த் தொட்டியின் விளிம்பில் மோதிரத்தால் இரண்டு தட்டு தட்டினார். துரை தலையைத் தூக்கிப் பார்த்தது. மறுபடி வேலையில் இறங்கியது.

“மாமி” என்றார், அவள் முகத்தைப் பார்க்காமல். “அந்தச் செங்கல்லும் வெளக்கும் திரும்பக் குடுப்பீங்களா? இல்லன்னா தொர இங்கயே இருக்கட்டும். காலையில நான் வந்து பாத்துக்கிடுதேன்.”

“துரை இங்கயே இருக்கட்டும். செங்கல்லும் இங்கதான் இருக்கு” என்றாள் மாமி, துணிகளை மடித்துக்கொண்டே. “விளக்குல மட்டும் ஒரு பொட்டு வச்சுட்டுக் கொல்லைக்கு எடுத்துண்டு வரேன். உங்களை நம்பாம இல்லை, அண்ணாச்சி.”

பங்கஜம் சிரித்த சிரிப்பில் கொடியில் இருந்த காக்கை பறந்தது. வைரவன் வாங்கிக்கொண்டார். ஆனால் எண்பது சிவப்பு தெரிந்த மனுஷன் முழுசாகத் தோற்றுப்போய்ப் படியேற முடியுமா? தொண்டையைச் செருமினார்.

“கடையில நான் வர்றவங்ககிட்டல்லாம் சொல்லுததுதானே மாமி. அந்தக் குளியலறை டியூப்லைட்டு இருக்கு பாருங்க, அதுதான் பொய் சொல்லிட்டு.”

“அது டியூப்லைட்டு இல்ல,” என்றாள் பங்கஜம். “குண்டு பல்பு. மாத்துங்க மாத்துங்கன்னு நான் கரடியா கத்துத பல்பு.”